கொட்டகையில் நீண்ட பகல்

இந்தக் குளிர்காலத்தில் மனைவியை அவள் தங்கை வீட்டுக்குப் போக விடுவதில்லை என்று கண்ணாடிக்காரர் தீர்மானித்தார். தீர்மானத்தைக் குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு எடுத்தார். வீட்டில் வேறு எங்கே எடுத்தாலும் அது அவள் காதுக்குப் போய்விடும். அவர் மனதுக்குள் நினைப்பதுகூட அவளுக்குக் கேட்கிறது என்பது அவருடைய நெடுநாள் சந்தேகம்.

மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் அடித்தளத்தில் லென்ஸ் தேய்ப்பது அவர் வேலை. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. பொழுது குறையும் மாதங்களில் இருட்டில் வீட்டை விட்டுக் கிளம்புவார், இருட்டில் திரும்புவார். நடுவில் சூரியன் வந்துபோனதாக மேலே கடையில் இருப்பவர்கள் சொல்வார்கள். நம்பித்தான் ஆகவேண்டும். லீவு போட்டுவிட்டு மனைவியோடு போகவும் வழியில்லை. பகல் சுருங்கும்போதுதான் தங்கள் பார்வை சுருங்கிப்போனது ஊராருக்கு உறைக்கும். கடையில் கூட்டம் நெரியும்.

வீட்டின் பின்னால் ஒரு மரக் கொட்டகை இருந்தது. அதில் மூன்று கோழிகள். வளர்ப்பது மனைவி, பெயர் வைத்தது மட்டும் அவர். எதைப் பார்த்தாலும் கழுத்தைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் குறை கண்டுபிடிப்பது மாமியார். அதன் பின்னாலேயே திரிவது நாத்தனார். மூன்றாவது, யார் வம்புக்கும் போகாமல் மூலையில் ஒண்டிக்கொண்டு நிற்கும். அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். பெட்டைக் கோழிக்கு இப்படி ஒரு பெயரா என்று மனைவி கேட்டபோது, "சுபாவத்தைப் பார்த்து வெச்சேன்" என்றார்.

எல்லா வருஷமும் ஒரே வரிசைதான். பகல் குறையும். கோழிகள் இறகை உதிர்த்துக்கொண்டு முட்டையை நிறுத்தும். மனைவி அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்குவாள். முட்டை போடும் கோழியை விட்டு அவள் ஒரு நாளும் நகர்ந்ததில்லை. எடுக்க ஆளில்லாவிட்டால் தன் முட்டையைத் தானே கொத்திக் குடிக்கப் பழகிவிடும், அப்புறம் அந்தக் கோழி உருப்படாது என்பாள். முட்டை நின்றுவிட்டால் அவளைப் பிடித்து நிறுத்த அந்த வீட்டில் எதுவும் இல்லை. கணவர் இருந்தார். அவரைக் கணக்கில் சேர்க்கும் வழக்கமில்லை.

"அப்படி என்ன இருக்கு உன் தங்கச்சி வீட்டுல?" என்று போன வருஷம் கேட்டுப் பார்த்தார்.

"வெயில் வர்ற ஜன்னல் இருக்கு. பேசற மனுஷங்க இருக்காங்க."

"நான் பேசலையா?"

"பேசறீங்க. விளக்கைப் போடு, விளக்கை அணை. போன மாசம் பூரா வேற என்ன பேசினீங்க?"

அவர் யோசித்தார். "கதவைச் சாத்துன்னு ஒரு தடவை சொன்னேன்."

"அது என்கிட்ட சொன்னதில்ல. காத்துகிட்ட சொன்னது."

அவள் போய்விட்டாள். அந்த மாதங்களைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. வேலையிலிருந்து வந்து, போட்ட கோட்டைக் கழற்றாமல், விளக்கையும் போடாமல் நாற்காலியில் உட்காருவார். பசித்தால் நின்றுகொண்டே காய்ந்த ரொட்டியைத் தின்பார். ஞாயிற்றுக்கிழமை எழுந்திருக்கமாட்டார். ஒரு பள்ளி ஆசிரியருக்கு இடக்கண் லென்ஸை வலக்கண்ணில் பொருத்திக் கொடுத்தார். அந்த மனிதர் கொஞ்ச நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அந்தக் குளிர்காலத்தில் கண்ணாடிக்காரர் செத்துப்போகவில்லை. அவ்வளவுதான் சொல்லமுடியும். மனைவி திரும்பி வந்த அன்று வாசலில் நின்று அவரை ஒரு பார்வை பார்த்தாள். பெட்டியைக் கீழே வைத்தாள். அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போனது அவர் நினைவில் அந்த ஒரு முறைதான்.

இந்த வருஷமும் இலைகள் பழுக்கத் தொடங்கின. மாப்பிள்ளை முதலில் நிறுத்தியது. பிறகு நாத்தனார். மாமியார் கொஞ்ச நாள் வீம்பாகப் போட்டுக்கொண்டிருந்துவிட்டு அதுவும் கைவிட்டது.

அந்த வாரம்தான் கால்நடை டாக்டரம்மா நசுங்கிய கண்ணாடியோடு கடைக்கு வந்தார். ஏதோ ஒரு மாடு அதன்மேல் காலை வைத்துவிட்டிருந்தது. சட்டத்தை நிமிர்த்த அடித்தளத்திலிருந்து கண்ணாடிக்காரரை மேலே கூப்பிட்டார்கள். நிமிர்த்திக்கொண்டே, பட்டும் படாமல் கேட்டார்.

"குளிர்காலத்துல கோழி ஏன் டாக்டரம்மா முட்டை போடறதில்ல? குளிரா?"

"குளிர் இல்ல. வெளிச்சம். பகல் நீளமா இருந்தாத்தான் அதோட மூளை முட்டைப்பைக்கு உத்தரவு கொடுக்கும். பகல் குறைஞ்சா, குஞ்சு பொரிச்சா பொழைக்காதுன்னு கடையைக் கட்டிடும்."

"பகல் குறையறதை அது கண்ணால பார்த்துத் தெரிஞ்சுக்குது."

"அதான் இல்ல. கண்ணைக் கட்டினாக்கூட தெரியும். பறவைக்கு மண்டையோடு மெலிசு. வெளிச்சம் மண்டை வழியாவே உள்ள இறங்கி, மூளையோட அடியில ஒரு இடத்துல படும். கணக்கு அங்க நடக்குது."

கண்ணாடிக்காரர் திருப்புளியைக் கீழே வைத்தார். வாழ்நாள் முழுவதும் கண்ணை நம்பிப் பிழைத்தவர். கண்ணே வேண்டாம் என்று ஒரு ஜீவன் இருப்பது அவரைக் கொஞ்சம் புண்படுத்தியது.

"மனுஷனுக்கு?"

"மனுஷனுக்கு மண்டை தடிப்பு. எல்லாம் கண் வழியாத்தான்."

"அப்ப, கொட்டகையில ஒரு விளக்கைப் போட்டு பகலை நீட்டினா?"

"போடும். பண்ணையில அதான் செய்யறாங்க. ஆனா உடனே நடக்காது. பொறுமை வேணும். சில காட்டுப் பறவைங்க இன்னும் மோசம். நீளப் பகலாவே விட்டா, ஒரு கட்டத்துல மூளை கேக்கறதை நிறுத்திடும். வெளிச்சம் அதேதான் இருக்கும். காதுல போட்டுக்காது."

"எங்க வீட்டுலயும் அப்படித்தான்," என்றார் கண்ணாடிக்காரர்.

அன்று மாலை கடையில் வேண்டாமென்று ஒதுக்கிய கண் பரிசோதனை விளக்கு ஒன்றைக் கோட்டுக்குள் மறைத்து எடுத்துவந்தார். விளக்கில் ஒரு சிக்கல். அதன் வெளிச்சம் பால் மாதிரி கொட்டும். அடுக்களை ஜன்னல் கொட்டகையைப் பார்த்தபடி இருந்தது. மனைவி பார்த்துவிட்டால் திட்டம் பாழ். அதனால் பழைய தகரம் ஒன்றை ஜன்னல் பக்கமாக நிறுத்தி, விளக்கின் முகத்தை உட்சுவர் பக்கம் திருப்பிக் கட்டினார். சுவரோரமாக ஒரு முக்காலி போட்டுக்கொண்டார். கீழே வைக்கோல். விளக்கோ சூடாகும். நெருப்புப் பிடித்தால் கோழியும் இல்லை, கொட்டகையும் இல்லை. எனவே விளக்கு எரியும் நேரமெல்லாம் பக்கத்திலேயே காவல் உட்கார்ந்தார். விடிவதற்கு முன் கொஞ்ச நேரம், வேலை முடிந்து வந்தபின் நிறைய நேரம்.

"எங்க போறீங்க?"

"கொட்டகைக் கூரை ஒழுகுது. பார்த்துட்டு வர்றேன்."

"மழையே இல்லையே."

"வந்தா ஒழுகும்."

மனைவி மேற்கொண்டு கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்டதைத் தன் சாமர்த்தியம் என்று எடுத்துக்கொண்டார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. கோழிகள் விளக்கைக் கண்டதும் முணுமுணுத்துக்கொண்டு தகரத்துக்குப் பின்னால் போய் அடைந்தன. அவர் முக்காலியில் குந்திக்கொண்டு கூட்டுப் பெட்டியையே பார்த்தார். நாள் முழுக்க லென்ஸ் தேய்த்த தூள் நகக்கண்களில் வெள்ளையாக இருந்தது. வெளியே இருட்டு, உள்ளே இந்தப் பொய்ப் பகல், நடுவில் அவர். கூட்டுப் பெட்டியில் பழைய இறகுகள் கிடந்தன. இதுவும் பலிக்கப்போவதில்லை என்று தோன்றியது. ஒருநாள் அவர் தலை குனிந்தபடியே வீட்டுக்குள் வந்து, சாப்பாட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்துபோனார். மனைவி தட்டை எடுத்து வைத்தாள். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள்.

மறுநாள் விடியலில் பெட்டியில் ஒரு முட்டை இருந்தது.

பழுப்பு நிறம். அவர் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உள்ளே வந்தார்.

"இதைப் பார்த்தியா?"

"முட்டை."

"முட்டைன்னு எனக்கும் தெரியும். என்ன மாசம் இது? இந்த மாசத்துல எவன் வீட்டுக் கோழி போடுது?"

"ஆச்சரியமாத்தான் இருக்கு," என்றாள் மனைவி, ஆச்சரியம் எதையும் முகத்துக்கு அனுப்பாமல்.

அதன்பின் முட்டைகள் வரத் தொடங்கின. ஒரு நாள் ஒன்று, ஒரு நாள் இரண்டு. சில சமயம் எடுக்கும்போது சில்லென்று இருந்தன. குளிர்காலத்து முட்டை அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டார். ஒளித்து வைக்க முடியாமல் விளக்கு விஷயத்தை அவரே ஒருநாள் சாப்பிடும்போது அவிழ்த்துவிட்டார். மண்டையோடு, மூளையின் அடி, உத்தரவு, முட்டைப்பை, எல்லாம் கைவிரலால் மேஜையில் வரைந்து காட்டினார்.

"நீ இத்தனை வருஷம் கோழி வளர்த்திருக்க. அதுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்குன்னு யோசிச்சிருக்கியா?"

"எனக்கு எங்கங்க அதெல்லாம் தெரியும்."

"இனிமே இந்தக் கோழிங்களை நான் பார்த்துக்கறேன். இது படிச்சவன் செய்யற வேலை."

"சரிங்க."

இவ்வளவு சீக்கிரம் 'சரிங்க' சொன்னால் மனிதனுக்கு உஷார் வரவேண்டும். அவருக்குப் பசிதான் வந்தது. இன்னொரு முட்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

உண்மையில் அவருக்கு அந்த நாட்களில் நன்றாகவே பசித்தது. மாலையானால் கால்கள் தாமாகக் கொட்டகைக்கு நடந்தன. விளக்கடியில் உட்கார்ந்து மாமியாரிடம் கடை வம்புகளைச் சொன்னார். மாமியார் தகரத்துக்குப் பின்னாலிருந்து கொக்கரித்தது. ஞாயிற்றுக்கிழமை எழுந்தார். கோட்டைக் கழற்றி மாட்டினார். ஒருநாள் அடுக்களையில் நின்று, விளக்கோ கதவோ சம்பந்தப்படாத ஒரு விஷயத்தைப் பற்றி மனைவியோடு வெகுநேரம் பேசினார். எல்லாம் ஜெயித்த களிப்பு என்று நினைத்தார். பகல் மிகவும் சுருங்கிப்போன வாரத்தில்கூட, மற்றவர்கள் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு வரும்போது, அவர் அடித்தளத்துப் படிகளில் ஏதோ பாட்டை முனகிக்கொண்டே இறங்கினார். மேலே இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த வாரம்தான் அலமாரி மேலிருந்து பெட்டி இறங்கியது.

"எங்க கிளம்பற?"

"தங்கச்சி வீட்டுக்கு."

"அது எப்படி? கோழி முட்டை போடுதே."

"போடுது."

"முட்டை போடற கோழியை விட்டு நகரக்கூடாதுன்னு யார் சொன்னது? நீதானே?"

"இப்பவும் அதைத்தான் சொல்றேன். நீங்க நகராதீங்க."

அவர் பெட்டியின் மூடியில் கை வைத்தார்.

"நான் வேலைக்குப் போறவன்."

"வேலைக்குப் போயிட்டுத்தானே இத்தனை நாளும் பார்த்துக்கிட்டீங்க. எனக்கு மூளையப் பத்தியெல்லாம் என்னங்க தெரியும். உங்க கையில இருக்கறதுதான் அதுங்களுக்கு நல்லது."

இதற்கு ஒரு பதில் இருக்கவேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. அவர் அதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் பெட்டியை மூடிவிட்டாள். காலையில் பஸ் நிலையம் வரை கூடப் போனார். ஜன்னலோர இருக்கையில் அவள் உட்கார்ந்ததும், கண்ணாடி வழியாக ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. தலையை ஆட்டிவைத்தார். அவள் எது சொன்னாலும் அவருக்கு அது பழக்கம். பஸ் போனபிறகு அங்கே கொஞ்ச நேரம் நின்றார். தெருவிளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன.

மறுநாள் பெட்டியில் முட்டை இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. விளக்கை இன்னும் அதிக நேரம் எரியவிட்டார். தீவனத்தை மாற்றினார். மாமியாரிடம் மரியாதையாகவே பேசிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. முட்டை நின்றது மனைவிக்குத் தெரியாமல் இருப்பது முக்கியம் என்று தோன்றியது. தெரிந்தால் அவர் கொட்டகையில் உட்காரவும் காரணம் இருக்காது, பீற்றிக்கொள்ளவும் ஒன்றும் இருக்காது. கடைசியில் டாக்டரம்மாவிடம் போய் நின்றார். அந்த அம்மா அன்று மாலையே வந்தார்.

டாக்டரம்மா மாமியாரைப் பிடித்துக் கக்கத்தில் இடுக்கி, பின்பக்கத்து எலும்புகளுக்கு நடுவே விரலை வைத்துப் பார்த்தார். கொண்டையைத் திருப்பிப் பார்த்தார். நாத்தனாரையும் மாப்பிள்ளையையும் அப்படியே.

"ஒரு விரல்கூட நுழையலை. முட்டை போடற கோழிக்கு இங்க ரெண்டு மூணு விரல் தாராளமாப் போகும். கொண்டையும் வெளிறிக் கிடக்கு. கோடை முடிஞ்சதுலேர்ந்தே இதுங்க போடலை."

"போன வாரம் வரைக்கும் போட்டுச்சே டாக்டரம்மா. நான் சாப்பிட்டேன்."

"விளக்கு வெச்சு எத்தனை நாள்ல முதல் முட்டை வந்துது?"

"அதே வாரத்துல."

"அதே வாரத்துலயா? சுருங்கிப்போன முட்டைப்பை வளரவே வாரக்கணக்காகும். உடனே நடக்காதுன்னு அன்னிக்கே சொன்னேனே." டாக்டரம்மா கோழியைக் கீழே விட்டார். "எப்ப நின்னுச்சு?"

"வீட்டுக்காரி ஊருக்குப் போன மறுநாள்."

"மூணுமா?"

"மூணும்."

டாக்டரம்மா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். ஒழுகுமா என்று பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு விளக்கைப் பார்த்தார். தகரத்தைப் பார்த்தார். கோழிகள் வழக்கம்போல் முணுமுணுத்துக்கொண்டு தகரத்துக்குப் பின்னால் இருட்டில் போய் அடைந்தன.

"நீங்க தினமும் எங்க உட்காருவீங்க?"

"இந்த முக்காலியிலதான்."

"உட்காருங்க."

உட்கார்ந்தார். கொட்டகையின் வெளிச்சம் முழுவதும் அவருடைய முடியில்லாத தலையிலும் முகத்திலும் விழுந்தது. வேறெங்கும் விழவில்லை.

"கோழிமேல ஒரு சொட்டு வெளிச்சம் படலை," என்றார் டாக்டரம்மா. "இந்த விளக்குக்கு முட்டை போடறதா இருந்தா நீங்கதான் போட்டிருக்கணும்."

டாக்டரம்மா போனபிறகு கண்ணாடிக்காரர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. முட்டை வந்த வழியும், இத்தனை நாள் தனக்குப் பசித்த காரணமும் மெல்ல மெல்லத்தான் புரிந்தன. புரிந்தபோது வெட்கம் வந்தது. அதற்குப் பின்னால், இருட்டில் வருகிற ஆள்போல, ஒரு யோசனையும் வந்தது. அவள் இவ்வளவு செய்தது எதற்கு? அவர் நன்றாக இருக்கவேண்டும் என்றுதானே. அப்படியென்றால், அவர் நன்றாக இல்லை என்று தெரிந்தால் திரும்பி வந்துவிடுவாள். போன வருஷம்போல் இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை போதும். அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாள். தொண்டையைத் தாழ்த்திப் பேசிப் பழகிக்கொண்டே அடுக்களைக்குப் போனார். அங்கே அவரே சூடு பண்ணிய சாப்பாடு இருந்தது. பேசிவிட்டுச் சாப்பிடலாம் என்று எண்ணினார். வாசனை விடவில்லை. சாப்பிட்டுவிட்டே போனை எடுத்தார்.

மறுமுனையில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு மனைவி.

"டாக்டரம்மா வந்தாங்க," என்றார், உள்ளே இறங்கிய குரலில்.

"ஓ."

"முட்டை நீதான் வெச்சியா?"

"கடையில வாங்கினது. பழுப்பாத் தேடி எடுக்கறதுதான் கஷ்டமா இருந்துச்சு."

"எதுக்கு?"

"அன்னிக்குச் சாப்பிடாம எழுந்து போனீங்க. பார்க்கப் பாவமா இருந்துச்சு. ஒண்ணு வெச்சேன். மறுநாளும் அங்க போய் உட்கார்ந்தீங்க. ரெண்டு மூணு நாள்ல முகமே மாறிப்போச்சு. சரி, இதை நிறுத்தக்கூடாதுன்னு வெச்சுக்கிட்டே வந்தேன்."

"அப்ப நான் விளக்கு போட்டது உனக்கு முதல்லயே தெரியும்."

"ஏங்க, கொட்டகைப் பலகையில இத்தனை ஓட்டை. தகரத்தை ஜன்னலுக்கு நேரா வெச்சீங்க. கொல்லைக் கதவைத் திறந்தா தெரியாதா?"

தங்கை வீட்டில் யாரோ எதையோ உருட்டினார்கள். மறுபடியும் சிரிப்பு. அங்கே வெளிச்சமாக இருக்கும் என்று நினைத்தார். இப்போதுதான் சமயம். மூச்சை இழுத்து, தொண்டையில் போன வருஷத்தை வரவழைத்துக்கொண்டார்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் இருந்திருந்தா அதையும்..."

நிறுத்திவிட்டார். ஆனால் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது.

அவள் நிம்மதியாக மூச்சு விடுவது கேட்டது.

"நல்லதாப் போச்சு," என்றாள். "போன வருஷம் உங்களை நெனச்சுத்தான் அவசர அவசரமா ஓடிவந்தேன். இந்த வருஷம் ஆற அமர வர்றேன்."